பம்புக்கும் மெஷினுக்கும் நடுவே

அந்த நாற்காலி வேண்டாம் சார், இப்படி வந்து உட்காருங்கள். அதில் உட்கார்ந்தால் காற்று நேராக உச்சந்தலையில் இறங்கும். அரைமணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டம்மா பட்டுப்புடவை பார்க்கிறார்கள், அரைமணி நேரத்தில் முடிகிற காரியமா அது? இந்தத் தூண் ஓரம்தான் இந்த மாடியிலேயே நல்ல இடம்.

எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? இந்தக் கடைக்கு ஏசி பைப் போட்டது நான்தான். நான் என்றால் நானும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும். ஆனால் ஃபிட்டர் நான். பெயர் கலியமூர்த்தி. வீடு திருவெறும்பூர். திருச்சியில் பெரிய கட்டடம் எதிலாவது போய் 'அப்பாடா' என்று நீங்கள் உட்கார்ந்திருந்தால், பாதிக்குப் பாதி என் கை பட்ட பைப்பாக இருக்கும். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஆனால் பைப் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கண்ணாலேயே சொல்லிவிடுவேன்.

பதினோரு வருஷமாக நான் இந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. மலைக்கோட்டைக்குப் போனால்கூடச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் போவேன். என் மகள் கல்யாணப் புடவையை இங்கேதான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இதே தெருவில் எட்டுக் கடை இருக்கிறது. எட்டில் ஒன்று ஆகாதா? ஆகாதாம். அதோ, கடைசி மேஜையில் சிவப்புச் சுடிதார் தெரிகிறதா, அதுதான் கௌசல்யா. பக்கத்தில் என் வீட்டுக்காரி ராஜாமணி. பெண் திரும்பித் திரும்பி என்னைத்தான் பார்க்கிறாள். புடவை எடுக்க வந்தவள் பார்க்கிற பார்வையா அது? நான் எழுந்தேனா இல்லையா என்று பார்க்கிறாள்.

எழுந்து எங்கே போக வேண்டும் என்றால், அடித்தளத்துக்கு. அங்கே மெஷின் ரூமில் சவரிமுத்து என்று ஒருவன் வேலை பார்க்கிறான். அவனுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டும். இரண்டு மணியோடு அவனுக்கு ஷிப்ட் முடிகிறது. அதற்குள் நான் போய் வைக்காவிட்டால் அவளே போய் வைத்துவிடுவாளாம். "அப்புறம் பத்திரிகையில உங்க பேரு போட்டதுக்கே அர்த்தம் இல்லப்பா." பெற்ற மகள் சொல்கிறாள் சார். காலையில், இட்லியைத் தட்டில் போட்டுக்கொண்டே சொல்கிறாள்.

மணி என்ன? ஒன்று பத்தா? இருக்கிறது, நேரம் இருக்கிறது.

பத்திரிகை இந்தப் பையில்தான். வெற்றிலை பாக்கு, சின்ன எவர்சில்வர் தட்டு, எல்லாம் ராஜாமணி எடுத்து வைத்திருக்கிறாள். உறை மேலே பாருங்கள், கௌசல்யா கையெழுத்து. 'சவரிமுத்து மாமா குடும்பத்தார்.' எந்த வழியில் மாமா? என் சொந்தத் தங்கை புருஷனுக்கு எழுதும்போது வெறும் பெயர்தான் எழுதினாள்.

சவரி வெல்டர். நான் ஃபிட்டர். பத்தொன்பது வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். இந்தத் தொழிலில் ஃபிட்டரும் வெல்டரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. பைப்பை வெட்டி, முனையைத் தேய்த்து, இரண்டையும் நேராகக் கூட்டிப் பிடித்து நாலு புள்ளி ஒட்டு வைக்கிறவன் ஃபிட்டர். அதைச் சுற்றி முழுசாக ஒட்டி மூடுகிறவன் வெல்டர். நான் ஒரு நூல் தப்பாக வைத்தால் அவன் ஒட்டு பிடிக்காது. அவன் ஒட்டு கசிந்தால் என் வேலையையும் சேர்த்துத்தான் வெட்டி எறிவார்கள். சுவரோடு ஒட்டிக் கிடக்கிற பைப்பின் பின்பக்கத்தை, முகம் பார்க்கிற கண்ணாடித் துண்டில் பார்த்தே ஒட்டிவிடுவான் சவரி. அதையெல்லாம் நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். கை நல்ல கை. மனசுதான்.

கேளுங்கள். இந்த ஏசி வீட்டு ஏசி மாதிரி இல்லை. இங்கே இருக்கிற சூட்டை யாராவது வாங்கிக்கொண்டு போக வேண்டும் அல்லவா? இங்கே அதை வாங்கிக்கொள்வது தண்ணீர். அடித்தளத்தில் வேன் நீளத்துக்கு இரண்டு மெஷின். அதற்குள் ஓடிச் சூடான தண்ணீர் எட்டு இன்ச் பைப்பில் மொட்டைமாடிக்கு ஏறும். அங்கே கூலிங் டவர். அதில் மழை மாதிரிக் கொட்டி, ஃபேன் காற்றில் ஆறி, இன்னொரு பைப்பில் கீழே இறங்கும். பம்ப் அதை இழுத்து மறுபடி மெஷினுக்குள் தள்ளும். நாள் முழுக்க இதே வேலை. தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் மெஷின் சூடேறித் தானாக நின்றுவிடும். ஆறு மாடியும் புழுங்கும். முதலாளி கான்ட்ராக்டரைத் திட்டுவார், கான்ட்ராக்டர் எங்களைத் திட்டுவார். தண்ணீராவது ஏறி இறங்கும். திட்டு இறங்க மட்டும்தான் செய்யும்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. பாதியில் விட்டுப் போகும்போது பைப் வாயைத் திறந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது. கொத்தனார் கலவை விழும். எலி போகும். ஒரு கட்டடத்தில் பூனை குட்டியே போட்டிருந்தது. அதனால் பழைய துணியைச் சுருட்டி வாயில் அடைத்து வைப்போம். ஒரு சாண் துணி வெளியே தொங்க வேண்டும். அதற்கு வால் என்று பெயர். வால் தெரிந்தால் உள்ளே துணி இருக்கிறது. வைத்தவன்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. கடைசி ஒட்டுப் போட்டு மூடுவதற்கு முன்னால் வெல்டர் ஃபிட்டரிடம் கேட்பான், "உள்ள எல்லாம் எடுத்தாச்சா?" ஃபிட்டர் "எடுத்தாச்சு" என்ற பிறகுதான் நெருப்பு. சவரி மூன்று தடவை கேட்பான். "எடுத்தாச்சா? எடுத்தாச்சா? உம் பொண்டாட்டி மேல சத்தியமா எடுத்தாச்சாடா?" சைட்டே சிரிக்கும்.

நான் மட்டும் வால் விட மாட்டேன். அது எல்லோருக்கும் தெரியும். வால் விட்டால் எலி இழுத்துவிடும். இல்லாவிட்டால் எவனாவது கை துடைக்க உருவிக்கொண்டு போவான். நான் முழங்கை வரைக்கும் உள்ளே தள்ளி வைப்பேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுத்தமான வேலை. இன்ஜினியர் பையன்கள் வால் வால் என்று கத்துவார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன்னால் நான் பைப்புக்குள் கை விட்டவன்.

சரி. இந்தக் கடை ஆடித் தள்ளுபடிக்குத் திறக்க வேண்டும். ஆனி கடைசி வாரம் வரைக்கும் அடித்தளத்தில் வேலை முடியவில்லை. பம்புக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு துண்டு பைப், இவ்வளவுதான், இந்தத் தூணிலிருந்து அந்தப் புடவை கட்டிய பொம்மை வரைக்கும். அதுதான் பாக்கி. பம்புக்கு முன்னால் வடிகட்டி இருக்கிறது. எந்தக் குப்பை வந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். பம்பைத் தாண்டிய பிறகு ஒன்றும் கிடையாது. அந்தத் துண்டுக்குள் எது கிடந்தாலும் நேரே மெஷின் வாய்க்குத்தான் போகும்.

அந்த வாரம் எனக்கு வீட்டிலும் நிலைமை சரியில்லை. ராஜாமணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். வீட்டுக்குக் கூட்டி வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கௌசல்யா எட்டாவது படிக்கிறாள், அவள்தான் சமையல். கடைசி ஒட்டு வைக்கிற நேரம் பார்த்துப் போன் பண்ணுகிறாள். "அப்பா, கஞ்சிக்கு உப்பு இப்பவே போடணுமா, எறக்கிட்டுப் போடணுமா?" நான் ஒரு கையில் போன், ஒரு கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சவரி முகமூடியைத் தூக்கிக்கொண்டு, "எடுத்தாச்சா?" என்றான். "எடுத்தாச்சுடா, பத்த வை" என்றேன். பற்ற வைத்துவிட்டான்.

ஒரே ஒரு தடவைதான் கேட்டான் சார். இதைக் கவனியுங்கள். பத்தொன்பது வருஷமாக மூன்று தடவை கேட்டவன் அன்றைக்கு ஒரு தடவையோடு நிறுத்திவிட்டான். நான் வீட்டுக் கவலையில் இருக்கிறேன், தொந்தரவு பண்ண வேண்டாம் என்று நினைத்தானாம். யார் நினைக்கச் சொன்னது?

பிரஷர் டெஸ்ட் பண்ணினோம். பைப் முழுக்கத் தண்ணீரை நிரப்பி, கையால் பம்ப் அடித்து, கேஜ் முள் இறங்குகிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்ப்பது. முள் அசையவில்லை. எப்படி அசையும்? கசிந்தால்தான் அதில் தெரியும். அடைப்பு அதில் தெரியாது.

திறப்பு விழா அன்றைக்கு ஒன்பது மணிக்கு மெஷினைப் போட்டார்கள். ஊரே வந்திருந்தது. வாசலில் நாதஸ்வரம், உள்ளே இந்தக் குளிர்ச்சி. நானும் சவரியும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இதே மாடியில் நின்று, தலைக்கு மேலே வருகிற காற்றில் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்துக்கொண்டோம். பத்தரைக்கு மெஷின் நின்றது. மறுபடி போட்டார்கள், கால்மணி நேரத்தில் நின்றது. பட்டுப்புடவையும் நகையுமாக வந்த பெண்கள் கடை விளம்பரத் தாளை மடித்து விசிறிக்கொண்டு நின்றார்கள். முதலாளி அம்மா மயங்கி விழப் பார்த்தார்கள். சோடா வாங்க ஆள் ஓடினான்.

எட்டு நாள் தேடினோம். டவரைப் பார்த்தோம், வால்வைப் பார்த்தோம், வடிகட்டியைக் கழற்றிக் கழுவினோம். மெஷினை மட்டும் நாங்கள் தொடக் கூடாது. தொட்டால் கம்பெனிக்காரன் கேரண்டி கிடையாது என்பான். அவன் சென்னையிலிருந்து எட்டாம் நாள் வந்தான். மூடியைக் கழற்றினான். உள்ளே நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் குழாய் வாய்கள் இருக்கும், தேன்கூடு மாதிரி. அதன் மேலே பாதிக்குத் துணி விரித்த மாதிரி ஒட்டிக் கிடக்கிறது.

நீல லுங்கி. பாதியாகக் கிழித்த நீல லுங்கி.

ஊரில் நீல லுங்கி கட்டாதவன் யார்? அன்றைக்கு அடித்தளத்தில் நின்றவர்களில் நாலு பேர் நீல லுங்கிதான். ராஜாமணிகூட அந்த வாரம், "உங்க நீல லுங்கியக் கொடியில காணோமே" என்று படுத்த படுக்கையிலிருந்தே கேட்டாள். அது வேறு விஷயம். வீடு என்றால் ஏதாவது காணாமல்தான் போகும்.

எங்கள் கான்ட்ராக்டர் நாச்சியப்பன் அந்தத் துணியைச் சொட்டச் சொட்டக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். "யாரு துணிடா இது?" பக்கத்தில் நின்ற இன்ஜினியர் பையன், "வால் விட்டிருந்தா மூடும்போதே தெரிஞ்சிருக்கும் சார்" என்றான். அவ்வளவுதான். வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. நேராக எதிர்ச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சவரி ஓர் அடி முன்னால் வந்து, "என்னுது சார்" என்றான்.

"நீ வெல்டர்தானடா? நீ எதுக்குத் துணி வெச்ச?"

"மூடினது நாந்தான் சார். உள்ள பாக்காம மூடிட்டேன். என் தப்புதான்."

கான்ட்ராக்டர் ஈரத் துணியை அவன் முகத்தில் விட்டெறிந்தார். மார்பில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அவன் அதை எடுத்து நாலாக மடித்துப் பக்கத்தில் இருந்த டூல் பெட்டி மேலே வைத்தான். மடித்து வைத்தான் சார், சலவைக்குப் போடுகிற மாதிரி. அந்த நிதானம்தான் எனக்கு ஆகவில்லை.

அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார்கள். திருச்சியில் நாலே நாலு பெரிய கான்ட்ராக்டர். நாச்சியப்பன் மற்ற மூன்று பேருக்கும் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவனை யாரும் சைட்டில் ஏற்றவில்லை. அடுத்த மாசம் என்னை ஃபோர்மேன் ஆக்கினார்கள். பத்தொன்பது வருஷ அனுபவம், ஆக்காமல் என்ன செய்வார்கள்? கொஞ்ச நாள் கழித்துக் கேள்விப்படுகிறேன், இந்தக் கடை முதலாளியே சவரியைக் கூப்பிட்டு மெஷின் ரூமில் உட்கார வைத்துவிட்டார் என்று. எட்டு நாளும் ராப்பகலாக இங்கேயே கிடந்து தேடினானாம், அதை அவர் பார்த்தாராம்.

இப்போது புரிகிறதா? உட்கார்ந்த வேலை. நீலச் சட்டை, அடையாள அட்டை, பி.எஃப். கணக்குப் போட்டுத்தான் வாயைத் திறந்திருக்கிறான். நான் பிறகும் எட்டொன்பது வருஷம் சாரத்தில் தொங்கினேன். அவன் ஏசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். ஏசிக்குப் பக்கத்தில் என்றால்... உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த ரூமில் ஏசி கிடையாது. ஆறு மாடியும் குளிரும், அது மட்டும் வேகும். இரண்டு மெஷின், நாலு பம்ப் ஓடுகிற சத்தம் வேறு. காது போய்விட்டதாம் அவனுக்கு. இடது காது சுத்தமாகக் கேட்காது என்று கௌசல்யா சொன்னாள்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அது ஒரு கதை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தேன். அங்கே வந்தான். தினமும் ஷிப்ட் முடித்து இரண்டரைக்கு வருவான். ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து மணிக்குப் போவான். அவன் வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அவன் போகிற வரைக்கும் திறக்க மாட்டேன். மூன்று வாரம் தினம் இரண்டரை மணி நேரம் தூங்குகிற மாதிரிக் கிடப்பது லேசு இல்லை சார். மூக்கு அரிக்கும். ஒருநாள் அவன் கௌசல்யாவிடம் சொல்கிறான், "உங்கப்பன் தூங்கல பாப்பா. பத்தொம்பது வருசம் சைட்டுல பக்கத்துல படுத்திருக்கேன். தூங்கினா வாயப் பொளந்துகிட்டு ஆட்டுக்குட்டி மாதிரி சத்தம் விடுவான். இது நடிப்பு. விடு, நல்லாத்தான் நடிக்கிறான்." அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்குக் கண்ணைத் திறந்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. திறந்தால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். திறக்கவில்லை.

அன்றிலிருந்துதான் மாமா.

என் வருத்தம் என்னவென்று கேளுங்கள். இந்தப் பதினோரு வருஷத்தில் அவன் ஒரே ஒரு தடவையாவது, "கலியா, உன் துணிக்கு நான் பழி ஏத்துக்கிட்டேன்டா" என்று சொல்லியிருக்க வேண்டாமா? என்னிடம் வேண்டாம், யாரிடமாவது? டீக்கடையில், சர்ச் வாசலில், எங்கேயாவது சொல்லியிருந்தால் என் காதுக்கு வந்திருக்கும். நானும் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். அடித்துக்கொண்டு, அப்புறம் ஒன்றாக டீ குடித்திருப்போம். சொல்லவே இல்லை. இத்தனை அழுத்தம் மனுஷனுக்கு ஆகுமா? நானும் விசாரித்துப் பார்த்துவிட்டேன். யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

என்ன கேட்டீர்கள்? அது யார் துணி என்றா?

நீங்களும் நாச்சியப்பன் மாதிரியே கேட்கிறீர்களே. நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் என்ன கேட்கிறீர்கள்? அங்கே பாருங்கள், உங்கள் வீட்டம்மா அந்த மயில்கழுத்து நிறத்தை மூன்றாவது தடவையாக எடுத்துப் பார்க்கிறார்கள். மற்றதெல்லாம் சும்மா பிரித்துப் போடுவது, கடைசியில் அதைத்தான் எடுப்பார்கள். போய் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள், உங்களுக்குச் சீக்கிரம் வீடு திரும்ப வழி பிறக்கும். வேண்டாமா? சரி.

மணி? ஒன்று நாற்பதா?

கௌசல்யா எழுந்துவிட்டாள். இல்லை, கண்ணாடி முன்னால் நிற்கிறாள். ஒரு சிவப்புப் புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கிறாள். சிவப்புதான் அவளுக்கு எடுப்பாக இருக்கிறது. இப்போது கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறாள் பாருங்கள். போகிறேன் தாயே, போகிறேன்.

ஒரு உதவி செய்யுங்கள் சார். நீங்கள் கொஞ்சம் சவரியாக இருங்கள். சிரிக்காதீர்கள். கீழே போய் நின்றதும் வாய் குழறிவிடக் கூடாது, அதற்காகத்தான். அப்படியே உட்கார்ந்திருங்கள், போதும்.

"சவரி, வர்ற மாசம் பதினாலாந்தேதி கௌசல்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லால்குடி. குடும்பத்தோட வந்துரு."

எப்படி இருக்கிறது? விறைப்பாகவா? ஆமாம், ரேஷன் கடையில் நம்பர் கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கிறது. இன்னொரு தடவை.

"சவரி, எப்படி இருக்க?"

இது சரிப்படாது. அவன் நல்லாயிருக்கேன் என்பான். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? பதினோரு வருஷம் கழித்து வந்து எப்படி இருக்க என்றால், பக்கத்தில் வேலை பார்க்கிறவன்கூடச் சிரிப்பான். பொறுங்கள்.

"சவரி, நீ ஏண்டா அன்னைக்கு அப்படிச் சொன்ன? உன்னை யாருடா சொல்லச் சொன்னது? நானே சொல்லியிருப்பேன்ல? ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா நானே சொல்லியிருப்பேன்டா."

இதைச் சொல்ல வரவில்லை. பத்திரிகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விட்டுவிடுங்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், சொல்லியிருப்பேன் என்றுதான் சொன்னேன். என்னுடையதுதான். போதுமா? என் லுங்கி, என் கை. வாலில்லாமல் முழங்கை வரைக்கும் தள்ளி வைத்தது நான். எடுத்தாச்சு என்று சொன்னதும் நான். அந்தத் துணியை அவர் தூக்கிப் பிடித்தபோதே தெரியும் எனக்கு. ஓரத்தில் ராஜாமணி போட்ட தையல் இருந்தது. சொல்ல வேண்டும் என்றுதான் நின்றேன் சார். வார்த்தை இங்கே வரைக்கும் வந்துவிட்டது, இந்தத் தொண்டைக்குழி வரைக்கும். அதற்குள் அவன் முன்னால் போய் நின்றுவிட்டான்.

சொல்லியிருப்பேனா? அதுதான் சார். அதுதான் எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருப்பேனா, சுவரையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பேனா என்று எனக்கே தெரியாமல் பண்ணிவிட்டான் அவன். இரண்டு நிமிஷம் விட்டிருந்தால் தெரிந்திருக்கும். நல்லவனோ கெட்டவனோ, ஏதோ ஒன்று என்று முடிந்திருக்கும். பதினோரு வருஷமாகப் படுத்தால் எழுந்தால் இதே நினைப்பு. அவனுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சாதாரணமாகச் சொன்னால் அவனுக்குக் கேட்கவும் கேட்காது. அந்தப் பம்ப் சத்தத்தில், அந்தக் காதுக்கு, கத்தித்தான் சொல்ல வேண்டும். அடித்தளமே கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும். அங்கே இன்னும் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். இத்தனைக்கும் அப்புறம் அவன் என்ன சொல்வான் தெரியுமா? "தெரியும்டா" என்பான். அவ்வளவுதான் சொல்வான். சத்தமில்லாமல் சொல்வான். எனக்கு அதுதான் சார் பயம்.

ஒன்று ஐம்பதா? பையைக் கொடுங்கள். வேண்டாம், லிஃப்டில் கூட்டமாக இருக்கிறது, நான் படியிலேயே இறங்கிக்கொள்கிறேன். இடுப்பு வலித்தால் வலிக்கட்டும்.

என் பெண் இங்கே வந்து கேட்டால், கீழே போயிருக்கிறார் என்று சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால், பத்திரிகை வைக்க என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை நான் வந்து அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.